ஒரு நூல் இடம்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

நாள்தோறும் நாம் எத்தனையோ கதவுகளைத் திறக்கிறோம், மூடுகிறோம். வகுப்பறைக் கதவு, நூலக அலமாரிக் கதவு, வீட்டுச் சமையலறையில் பருப்பும் மிளகாயும் இருக்கும் அலமாரிக் கதவு என்று அந்தப் பட்டியல் நீளும். அக்கதவு எவ்வாறு செய்யப்பட்டது என்று யாரேனும் கேட்டால், "பலகையை அறுத்து ஆணி அடித்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். அவ்வளவு எளிதாகக் கடந்து செல்லக்கூடிய பொருளன்று அது. நடுவில் தடித்து, நான்கு ஓரமும் சரிந்து, சட்டத்துக்குள் அடங்கி நிற்கும் அந்தப் பலகைக் கதவுக்குள் நாம் படிக்கும் இயற்பியல் இருக்கிறது. நம் நாட்டின் கல்வி வரலாறும் சிறிது இருக்கிறது. அதனை எடுத்துக்காட்டி, கைத்தொழிலுக்கும் கல்லூரிக் கல்விக்கும் இருக்க வேண்டிய உறவு குறித்து என் கருத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர் மத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. ஊரைச் சுற்றி மாந்தோப்புகள். விடியுமுன்னே சாலையில் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்துகள். எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அப்பாவின் தச்சுப் பட்டறை இருக்கிறது. ஓர் அறுவைப் பொறி, ஒரு வேலை மேசை, சுவரில் வரிசையாக உளிகள், இழைப்புளிகள், ஒரு கொட்டாப்புளி, அவ்வளவே. அப்பா தச்சர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். உழவர் வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் பெங்களூர் சென்று, ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். இச்செய்தியை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

வெட்டிய பின்னும் அசையும் மரம்

வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தண்டவாளங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியை எடுத்துக்காட்டாக எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். மரத்துக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. ஆனால் மரத்தை அசைப்பது வெப்பத்தைவிட ஈரமே. வெட்டி, அறுத்து, உலர்த்திய பிறகும் மரத்தின் நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றன; காற்று காய்ந்தால் வெளியே விடுகின்றன. உறிஞ்சும்போது பலகை அகலத்தில் விரியும், காயும்போது சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவே. அகலத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டு வளையத்தை ஒட்டிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை குழிந்தும் வளைந்தும் போவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தேக்கு, அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. அத்தகைய தேக்கிலேயே ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறினால், ஓரடி அகலப் பலகை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவு விரியவோ சுருங்கவோ கூடும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் பலகை ஐப்பசி அடைமழையில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அந்தப் பலகையை நாற்புறமும் பசை பூசி, ஆணி அடித்து இறுக்கிவிட்டால் என்ன நேரும்? விரிய இடமில்லாதபோது அது சட்டத்தின் மூட்டுகளைத் தள்ளித் திறக்கும். சுருங்க வழியில்லாதபோது தானே நடுவில் பிளக்கும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

சட்டமும் பலகையும்

இந்தச் சிக்கலுக்கு மனிதக் கை கண்ட விடைதான் சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு. ஒரு சமையலறை அலமாரிக் கதவை எங்கள் பட்டறையில் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

இரண்டு நெடுஞ்சட்டங்கள், இரண்டு குறுக்குச்சட்டங்கள். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலக் கனமும் இரண்டேகால் அங்குல அகலமும் உடையவை. குறுக்குச்சட்டத்தின் இரு முனைகளையும் நாக்குப்போலச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தில் உளியால் பொளித்த துளையில் பசையிட்டுச் சொருகுவர். கதவின் வலிமை முழுவதும் இந்த மூட்டுகளில்தான் இருக்கிறது. நான்கு சட்டங்களின் உள்விளிம்பிலும் ஒரு காடி வெட்டப்படும். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அந்தக் கணக்கில் காடியின் அகலம் இரண்டு நூல், ஆழம் மூன்று நூல்.

இனி நடுப்பலகை. அதன் கனம் ஐந்து நூல். காடியின் அகலமோ இரண்டே நூல். ஐந்து நூல் கனமுள்ள பலகை இரண்டு நூல் காடிக்குள் எப்படி நுழையும்? ஓரங்களைச் சரிவாக இழைத்து மெலிதாக்கினால் நுழையும். நடுப்பகுதி தடிப்பாகவே நின்று பலகைக்கு உறுதி தரும். அலமாரிக் கதவில் நாம் அழகு வேலைப்பாடு என்று பார்க்கும் அந்தச் சரிவு, இத்தகைய தேவையிலிருந்து பிறந்தது. வெளிச்சம் பட்டு நிழல் விழும்போது அது அழகாகவும் இருக்கிறது என்பது அடுத்த ஆதாயம்.

முன்னாளில் இச்சரிவை இழைப்புளி கொண்டே எடுத்தனர். இன்று வீட்டுப் பட்டறைகளில், அறுவைப் பொறியின் வட்ட வாளைச் சாய்த்து வைத்து, பலகையை உயரமான தடுப்பின்மீது நெட்டுக்குத்தாக நிறுத்தி அறுப்பர். அல்லது வேகமாகச் சுழலும் ரூட்டர் பொறியில் அதற்கென்றே உள்ள அகன்ற வெட்டுமுனையைப் பொருத்தி எடுப்பர். இதிலும் ஒரு முறை உண்டு. நாரைக் குறுக்கே வெட்டும் இரு முனைகளை முதலிலும், நாரோடு செல்லும் இரு ஓரங்களைப் பின்னரும் எடுக்க வேண்டும். குறுக்கு வெட்டில் மூலை சிறிது சிதறினாலும், அடுத்து வரும் நெடு வெட்டு அதனை நீக்கிவிடும். ஒரே இழுப்பில் முழு ஆழத்தையும் எடுக்க முயலாமல் மூன்று நான்கு தடவையாக எடுக்க வேண்டும். அகன்ற வெட்டுமுனையானால் பொறியின் வேகத்தையும் குறைக்க வேண்டும். வெட்டுமுனை அகலமாக இருந்தால் அதன் விளிம்பின் வேகம் கூடும் என்பது நாம் வட்ட இயக்கத்தில் படித்த பாடந்தானே!

கடைசியாகத்தான் முக்கியமான செய்தி வருகிறது. எதிரெதிர்க் காடிகளின் அடியிலிருந்து அடிவரை அளந்து, அந்த அளவில் ஒரு நூல் குறைத்தே பலகையின் அகலத்தை அப்பா அறுப்பார். காடிக்குள் பசை இடமாட்டார், ஆணியும் அடிக்கமாட்டார். பலகை நடுவிலேயே நிற்பதற்காக மேலும் கீழும் நட்டநடுவில் ஒரு சிறு முளை மட்டும் வைப்பார். பலகைக்கு மெருகு பூசிய பிறகே சட்டத்தைப் பூட்டுவார். இல்லாவிட்டால் கோடையில் பலகை சுருங்கும்போது மெருகு படாத வெள்ளைக் கோடு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். "ஒரு நூல் எடம் வுடு கண்ணு, அது பாட்டுக்குப் போய் வரட்டும்" என்பதே இதற்கு அவர் தரும் முழு விளக்கம்.

மத்திய பொதுப்பணித் துறையின் கட்டட வேலை விதிமுறைகளும் இதையே கூறுகின்றன. சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பொருத்தும்போது எல்லாப் பக்கங்களிலும் 1.5 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட வேண்டும் என்பது அங்குள்ள விதி. இரு பக்கமும் சேர்த்தால் மூன்று மில்லிமீட்டர். நம் ஊர்க் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு நூல்! பொறியாளர் எழுதிய விதியும், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு மனிதரின் கையறிவும் ஒரே அளவில் வந்து நிற்கின்றன.

கையறிவும் கல்வியறிவும்

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒரு நூல் இடம் விடத் தெரிந்த கைக்கு நம் கல்வியில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம்?

இக்கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பவர் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். 1953-ஆம் ஆண்டு அன்றைய முதலமைச்சர் இராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதனைப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். தச்சர் மகன் தச்சனாகவும், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவுமே இருக்க வேண்டுமா என்று நாடு கேட்டது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அது நடந்திராவிட்டால் நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போரில் பலர் இங்கே வந்திருக்க மாட்டோம்.

ஆனால் அதே தொழிற்கல்வி வேறொரு நாட்டில் வேறு விதமாக வந்தது. பின்லாந்து நாட்டில் 1866-ஆம் ஆண்டிலேயே பொதுப் பள்ளிகளில் கைவேலை கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அங்கே அது எல்லார் பிள்ளைக்கும் உரிய பாடம். ஆசிரியரின் மகனும் உளி பிடித்தான். உழவரின் மகனும் உளி பிடித்தான். பின்னாளில் அவரவர் விரும்பிய வழியில் சென்றனர். இவ்விரண்டு திட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் கூறலாம்: ஒன்று, பிள்ளையின் தகப்பனார் யார் என்று கேட்டுவிட்டுத் தொழிலைக் கொடுத்தது, மற்றொன்று, அக்கேள்வியைக் கேட்கவே இல்லை.

இந்தப் பழைய விவாதம் இன்றும் முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அத்தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. அத்திட்டத்தை அப்படியே செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. பின்னர் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில், பிறப்பைக் கேட்காமல் 25 தொழில்களுக்குக் கடனும் மானியமும் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குக் குறைந்தபட்ச வயது 35 என்று வைத்தது. படிக்க வேண்டிய வயதில் பிள்ளைகளைத் தொழிலுக்குள் தள்ளக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் தெரிகிறது.

என் அப்பாவைப்போலப் பரம்பரைக்கு வெளியேயிருந்து வந்தவர்களை நினைக்கும்போது, பிறப்பைக் கேட்காத வழியே சரியான வழி என்பேன். ஆனால் இருபது வயதில், தானே விரும்பி, தச்சுக் கலையின் அடிப்படையை அறிய நினைக்கும் ஒரு கல்லூரி மாணவன் எங்கே செல்வான்? தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது பட்டப்படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் அமர வேண்டிய இடம். கல்லூரிக்குள் அதற்கு வாயில் இல்லை. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகக் கணினி, மொழித்திறன் முதலிய பயிற்சிகள் நமக்குக் கிடைக்கின்றன, பயனுள்ளவையே. அவற்றோடு ஒரு வேலை மேசையும் இரண்டு இழைப்புளியும் சேர்ந்தால் என்ன குறை வந்துவிடும்?

மறுப்புகளும் என் விடையும்

இதற்கு நண்பர்கள் கூறும் மறுப்புகளை அறிவேன்.

முதல் மறுப்பு: இன்று துகள்பலகையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் இயந்திரம் ஒரே நாளில் நூறு கதவு செய்கிறது, மரக்கதவு எதற்கு? இதில் பாதி உண்மை உண்டு. எம்.டி.எஃப். பலகையில் நார் ஒரே திசையில் ஓடாததால் அது மரத்தைப்போல அகலத்தில் அசைவதில்லை, வண்ணம் பூசவும் நன்று, விலையும் குறைவு. ஆனால் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அது ஊதிவிடும், ஊதியது திரும்பாது. என் அக்காவின் திருமணச் சீராக ஒரு கடையில் வாங்கிய துகள்பலகை அலமாரி, மூன்றாவது மழைக்காலத்தில் கீல் திருகுகளைத் தாங்காமல் கதவைக் கீழே விட்டது. அந்தத் திருகை மீண்டும் பிடிக்க அதில் மரமே இல்லை. மரக்கதவில் மூட்டு தளர்ந்தால் பிரித்துப் பூட்டலாம்; கீறல் விழுந்தால் இழைக்கலாம். எதனை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்து தேர்ந்தெடுக்கவும் அறிவு வேண்டும் அன்றோ!

இரண்டாம் மறுப்பு: மரத்தை வெட்டலாமா? தேக்குக் காட்டை அழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. காய்ப்பு ஓய்ந்த மாமரங்கள் வெட்டப்பட்டு விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் போவதைப் பார்க்கிறோம். இராஜஸ்தானின் ஜோத்பூரில் அதே மாமரத்தில் அலமாரியும் மேசையும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். மாமரம் பூச்சிக்கு எளிதில் இடம் கொடுக்கும். அதனைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தி, முறையாக உலர்த்த வேண்டும். இதனை ஆராய்ந்து கூறும் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டு, பெங்களூரு மல்லேசுவரத்தில் இயங்கி வருகிறது. அங்குள்ள அறிவும் எங்கள் ஊர்த் தோப்பிலுள்ள மரமும் சந்திக்காமலேயே இருக்கின்றன. சந்திக்க வைக்க வேண்டியவர் யார்? இரண்டையும் படிக்கக்கூடிய நாம்தாம்.

மூன்றாம் மறுப்பு என் வீட்டிலிருந்தே வருகிறது. "படிக்கிற புள்ளைக்கு இந்தத் தூசி எதுக்கு கண்ணு?" என்று அப்பாவே கேட்கிறார். அவர் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் ஒன்றாக உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் வகைப்படுத்தியது. அறுவைப் பொறியில் விரல் இழந்தவர்களை எங்கள் வட்டாரத்திலேயே காணலாம். முகமூடியும், தூசி உறிஞ்சியும், வாளுக்கு மேல் காப்பும் இல்லாத பட்டறையை நான் புகழ்ந்து பேசமாட்டேன். ஆனால் இவை தொழிலின் இயல்பான குறைகளல்ல. தொழிலாளியைப் பற்றிக் கவலைப்படாத நம் பழக்கத்தின் குறைகள். ஓசூர்ப் பெருந்தொழிற்சாலையில் காப்புக் கருவி இல்லாமல் ஒருவரை உள்ளே விட ஒப்புவோமா? தகரக் கொட்டகையில் வேலை செய்பவருக்கும் இருப்பது அதே விரல்தானே!

அப்பாவின் கேள்விக்குள் தூசியைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. கைவேலை செய்பவரை நம் சமுதாயம் ஒரு படி கீழே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் படியிலிருந்து மகன் ஏறிவிட வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகன் ஏறுவதோடு நிற்காமல், படியையே இடித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். பட்டம் பெற்றவர் உளி பிடிப்பதும், உளி பிடிப்பவர் பட்டம் பெறுவதும் வியப்பாகத் தோன்றாத நாள் வந்தால் அந்தப் படி தானே இடிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதனையும் நான் கேட்கவில்லை. கல்லூரியில் ஓர் அறை. காப்புக் கருவிகளோடு சில கைக்கருவிகள். வாரத்தில் ஒரு பிற்பகல். எத்துறை மாணவரும், மாணவியரும் விரும்பினால் சேரலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் கைக்கடிகாரத்தின் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் கைகளில் பெண்களின் கைகள் எத்தனை! அக்கைகளுக்கு இழைப்புளி கனமாகிவிடாது. சுற்றுவட்டாரத்துத் தச்சர்களை மதிப்பூதியத்துடன் பயிற்றுநராக அழைக்கலாம். அவர்களைப் பேராசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்த்தலாம். இயற்பியல் துறை மரத்தின் ஈரப்பதத்தை மாதந்தோறும் அளக்கட்டும். தாவரவியல் துறை மரத்தின் நாரை நுண்ணோக்கியில் காட்டட்டும். பொருளியல் துறை ஒரு கதவின் விலையில் கூலி எவ்வளவு என்று கணக்கிடட்டும். தமிழ்த்துறை காடி, முளை, நூல் முதலிய தொழிற்சொற்களை அவை மறையுமுன் திரட்டட்டும். ஆண்டு முடிவில் நம் நூலக அலமாரிக்கு நாமே ஒரு கதவு செய்து மாட்டுவோம்.

நான் தச்சனாவேனா என்று கேட்டால் இன்று என்னிடம் விடை இல்லை. ஆசிரியராகலாம்; சிப்காட்டில் வேலைக்குச் செல்லலாம்; அப்பாவின் பட்டறையையே பெரிதாக்கலாம். அந்த விடையை என் பிறப்பு தீர்மானிக்கக்கூடாது. என் பட்டமும் தீர்மானிக்கக்கூடாது. இதுவே என் வாதம்.

நண்பர்களே! சட்டம் இல்லாத பலகை வளைந்துபோகும். இடம் விடாத சட்டத்துக்குள் பலகை பிளந்துபோகும். உறுதியான சட்டமும் வேண்டும். அதனுள் அசைய இடமும் வேண்டும். கல்வி நமக்கு அந்தச் சட்டமாக இருக்கட்டும். இளைஞர் தம் விருப்பத்தின் வழியே விரியவும், வேண்டும்போது ஒதுங்கவும் அதில் சிறிது இடம் இருக்கட்டும். அதிகம் வேண்டாம், ஒரு நூல் போதும்.